பயங்காட்டினது போதும், விளையாட விடுங்கோ

சீனி வருத்தம் எண்டு சொன்னவுடன எங்கட சனம் குடுக்கிற முதல் மருந்து ஏச்சுத்தான்: "இதைத் தின்னாத, அதைத் தொடாத, காலைக் கழட்டிப்போடுவினம்." பயங்காட்டுறதுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் விழிப்புணர்வு!

நீரிழிவோடு வாழ்வது தினமும் முடிவெடுக்கிற வேலை. எவ்வளவு சாப்பிடுறது, எவ்வளவு இன்சுலின், ஓடியாடினால் சீனி எவ்வளவு இறங்கும்? துண்டுப்பிரசுரம் இதைப் பழக்காது. பிழைவிட்டுத்தான் பழகலாம். உடம்பில் பிழைவிட்டால் ஆபத்து. விளையாட்டில் விட்டால் திரும்பத் தொடங்கலாம்.

1990களில் அமெரிக்காவில் வந்த 'பாக்கி அன்ட் மார்லன்' வீடியோ கேமில், நீரிழிவுள்ள இரண்டு யானைகளுக்குச் சீனி அளந்து, இன்சுலின் போட்டு, சாப்பாடு தெரிவதெல்லாம் விளையாடுகிற பிள்ளைதான். 1997இல் வெளியான ஆய்வில் 8 முதல் 16 வயது வரையான 59 பேர் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு இந்த கேம், மற்றவர்களுக்குச் சாதாரண பின்போல். ஆறு மாதத்தில் யானைகளோடு விளையாடிய பிள்ளைகள் தங்களைக் கவனிப்பது கூடியது. வருத்தத்தைப் பற்றிப் பெற்றோரோடு கதைப்பதும் கூடியது. சின்ன ஆய்வுதான். ஆனால் ஏச்சு வாயை மூடவைக்கும், விளையாட்டு கதைக்க வைத்திருக்கிறது.

அதுக்காக, சீனி குறைஞ்சால் புள்ளி, கூடினால் தோல்வி எண்டு ஒரு அப் செய்துபோட்டு அதை விளையாட்டு எண்டு சொல்லாதேங்கோ. அது இன்னொரு சோதனை. பர்கரைக் காட்டுகிற கேமும் எங்களுக்கு வேண்டாம். புட்டும் இடியப்பமும் சோறும் அதில் இருக்கட்டும். கேம் செய்யத் தெரிந்த பெடியள், பெட்டையள் எங்களிட்டையே இருக்கினம். பிறகென்ன, தொடங்குவமே?