பாஸ் போட்டால் போதுமா? ஃபெயில் ஆக்கினால் வாசிப்பு வருமா?

5, 8ஆம் வகுப்புகளின் ஆண்டுத் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்கு மறுதேர்வு வைக்கலாம், அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு கல்வி உரிமைச் சட்ட விதிகளைத் திருத்தியது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற ஒன்றிய அரசுப் பள்ளிகள் அதன்படி நடக்கின்றன. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. இங்கே 8ஆம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்பது தொடரும் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அறிவித்தார்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. "ஃபெயில் போட்டாத்தான் பயம் இருக்கும்" என்பார் ஒருவர். "ஃபெயில் போட்டா மறுநாளே பையன் வள்ளத்துல ஏறிடுவான், பிறகு பள்ளிக்கூடப் பக்கம் வரவே மாட்டான்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு பேச்சிலும் வராத ஒரு பிள்ளை நம் வீடுகளில் இருக்கிறான். அவனை ஃபெயில் ஆக்கினாலும் வாசிக்க மாட்டான். பாஸ் போட்டாலும் வாசிக்க மாட்டான். அவனுக்கு இருப்பது கற்றல் குறைபாடு.

அப்படி ஒரு பிள்ளை என் மக்தபுக்கு வந்தான். வாப்பா சங்கு குளிக்கும் தொழிலாளி. பையன் 30ஆவது ஜுஸ்உவின் சூராக்களைக் காதால் கேட்டே மனனம் செய்துவிட்டான். ஆனால் கிதாபைத் திறந்து ஒரு வரியைக் காட்டினால் எழுத்துக்கு எழுத்து நிற்பான். மனனமாக ஓதுகிறவன் பார்த்து ஓத மறுப்பது திமிர் என்று நினைத்தேன். அடித்தும் இருக்கிறேன். அது திமிர் அல்ல என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கே தடைப்படுகிறது?

வாசித்துப் புரிந்துகொள்வது என்பது இரண்டு திறன்களின் பெருக்கல் என்று கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் விளக்கினார்கள். ஒன்று, எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவது. மற்றொன்று, கேட்கும் மொழியை விளங்கிக்கொள்வது. பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

மதரஸாவில் ஓதிய நமக்கு இது எளிதில் புரியும். நம் பிள்ளைகள் பலர் அரபு எழுத்தைத் தடையின்றி ஓதுகிறார்கள். பொருள் கேட்டால் தெரியாது. ஒலியாக்கும் திறன் இருக்கிறது, மொழி இல்லை. அந்தப் பையனுக்குத் தமிழில் இதன் மறுபக்கம். கச்சான் எப்போது அடிக்கும், வாடை எப்போது மாறும், அளவு குறைந்த சங்கை ஏன் கடலிலேயே திரும்பப் போட வேண்டும் என்று கேட்டால் தெளிவாகச் சொல்வான். அதையே பாடப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவான். இது டிஸ்லெக்ஸியாவின் சாயல். வேறு சில பிள்ளைகள் கடகடவென்று வாசிப்பார்கள். "யார் வந்தார், ஏன் போனார்?" என்று கேட்டால் விழிப்பார்கள். இவர்களுக்கும் உதவி தேவை. வாசிப்பு சரளமாக இருப்பதால் ஆசிரியர் கண்ணில் இவர்கள் படுவதே இல்லை.

தமிழ் எழுத்துக்கும் தனிச் சிரமங்கள் உண்டு. 247 எழுத்துகள். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது, ஒலிப்பதோ பின்னால். 'கொ'வில் இருபுறமும் நிற்கிறது. ஒரே 'க' இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுகிறது. வீட்டில் 'வந்துட்டான்' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'வந்துவிட்டான்' என்று பார்க்கிறான்.

எப்படிக் கற்பிப்பது?

முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குறை அங்கே இருந்தால் அதைச் சரிசெய்யலாம். வண்ணக் கண்ணாடி போட்டால் டிஸ்லெக்ஸியா குணமாகும் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

எழுத்துப் பயிற்சியைத் தினமும் சிறிது நேரம் தனியாகக் கொடுக்க வேண்டும். புரிதல் பயிற்சி அதற்காகக் காத்திருக்கக் கூடாது. எழுத்து வந்த பிறகுதான் கதை என்றால் அந்தப் பிள்ளை பல வருடங்களை இழப்பான். நாம் வாசித்துக் காட்டலாம், அவன் கேட்டுப் புரிந்துகொள்ளட்டும்.

பாலின்சார், பிரவுன் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஒரு முறை இதற்குக் கைகொடுக்கும். ஒரு பத்தி வாசித்ததும் நிறுத்த வேண்டும். பிறகு நான்கு வேலைகள்: அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, அந்தப் பத்தியிலிருந்து ஒரு கேள்வி கேட்பது, விளங்காத சொல்லைத் தெளிவாக்குவது, இரண்டு வரியில் சுருக்கிச் சொல்வது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியராக மாறுவார்கள்.

இன்னொரு வழி, பிள்ளை சொல்வதையே எழுதி அவனை வாசிக்க வைப்பது. அந்தப் பையன் சங்கு குளிப்பதைப் பற்றிச் சொன்ன ஐந்து வரிகளை அவன் சொற்களிலேயே எழுதிக் கொடுத்தேன். அதுதான் அவன் முழுதாக வாசித்த முதல் பக்கம். பொருள் முன்பே தெரிந்ததால் எழுத்தோடு மட்டும் போராடினால் போதுமாக இருந்தது.

சட்டம் என்ன தருகிறது?

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 வகையாக விரித்தபோது அதைச் சேர்த்தது. இக்குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று அதன் 16ஆவது பிரிவு சொல்கிறது. மருத்துவச் சான்று 8 வயதுக்குப் பிறகே கிடைக்கும். கவனிப்பும் கூடுதல் பயிற்சியும் 1ஆம் வகுப்பிலேயே தொடங்கலாம், அதற்குச் சான்று தேவையில்லை. சான்று பெற்றவர்களுக்கு 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. இவற்றைப் பள்ளி வழியாக முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும்.

சொல்வதை எழுதுபவர் கிடைத்தாலும், பாடத்தைக் கேட்டுப் புரிந்த பிள்ளைக்குத்தான் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். புரிதல் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் சிறு வகுப்புகளின் வாசிப்பில் நல்ல அடி எடுத்து வைத்துள்ளது. ஆனால் அது எல்லாப் பிள்ளைகளுக்குமான திட்டம். கற்றல் குறைபாடு உள்ளவருக்குச் சிறப்பாசிரியர் வேண்டும். தொடக்க வகுப்பில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளவு வகுத்தது. 2025 மார்ச்சில், அந்தப் பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு பிள்ளை 1ஆம் வகுப்பிலிருந்து 4ஆம் வகுப்புக்குப் போயிருப்பான். நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எங்கள் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? பெற்றோர் இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே கேட்கலாம்.

நம் பங்கு

கற்க வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டுத்தான் 80ஆவது அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்தோடு ஓதுகிறவருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்பது ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். இவற்றை மிம்பரில் பேசுகிற நாம் மக்தபில் பிரம்பை எடுத்தால் அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு?

ஜமாஅத்துகளால் செய்யக்கூடியவை மூன்று உண்டு. மக்தபில் அடியை நிறுத்துங்கள். எழுத்தில் தடுமாறும் பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்து வீட்டிலும் பள்ளியிலும் பேசுங்கள். வட்டார வள மையத்துக்கும் மருத்துவச் சான்றுக்கும் ஒரு நாள் கூலியை விட்டு அலைய முடியாத குடும்பத்தோடு ஒருவரை அனுப்பி வையுங்கள்.

அந்தப் பையன் இப்போது 8ஆம் வகுப்பு. எழுத்து இன்னும் தடுமாறுகிறது. வாசித்துக் காட்டினால் கதையைத் திருப்பிச் சொல்கிறான், கேள்வியும் கேட்கிறான். அடுத்த வருடம் 9ஆம் வகுப்பு, அங்கே தானாகத் தேர்ச்சி இல்லை. சான்றுக்கு இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறோம். "இவனுக்குப் படிப்பு வரும்னு சொல்றீங்களா ஹஜ்ரத்?" என்று அவன் வாப்பா கேட்டார். "புரியுது, எழுத்துதான் வரணும். அதுவரைக்கும் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்றேன். அவர் இரண்டு வருடம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.