குழாயை எடுக்க நாள் பார்ப்பதா?

வயது அறுபதைத் தாண்டிய ஆண்களில் சிலருக்குத் திடீரென்று மூத்திரம் அடைத்துக் கொள்வதுண்டு. மூத்திரப் பைக்குக் கீழேயுள்ள புராஸ்டேட் என்னும் சுரப்பி வயதோடு பெருத்து வழியை நெருக்குவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். இதில் முன் ஜன்மப் பாவமும் இல்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு நீரை இறக்கியவுடன் போன உயிர் திரும்பி வந்தது போலாகிறது. சரி, பிறகு அந்தக் குழாயை எப்பொழுது எடுப்பது?

"இன்று அஷ்டமி, நாளை நவமி, அமாவாசையும் போகட்டும்" என்கிறார் ஒருவர். மற்றொருவரோ மறுபடியும் அடைத்துக் கொள்ளுமே என்று பயந்து, டாக்டரிடமும் போகாமல், மாதக்கணக்காய்க் குழாயோடு வீட்டு மூலையில் கிடக்கிறார். நாம் கேட்கிறோம்: குழாய் வழியாய் ஏறுகிற கிருமி பஞ்சாங்கம் பார்த்தா ஏறுகிறது? குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் அது ஏற இடமுண்டு. ஒரு மாதமானால் அநேகமாய் எல்லோருக்கும் மூத்திரத்தில் கிருமி சேர்ந்துவிடுகிறது.

நிற்க. உடனே பிடுங்கி எறியுங்கள் என்றும் நாம் சொல்ல வரவில்லை. உள்ளே பலூன் ஊதியிருப்பதால் தானாக இழுப்பது ஆபத்து. சுரப்பியின் இறுக்கத்தைத் தளர்த்தும் ஆல்ஃபுசோசின், டாம்சுலோசின் போன்ற மாத்திரையைக் கொடுத்து, இரண்டு மூன்று நாளில் குழாயை எடுத்துப் பார்ப்பதே இன்று பெரும்பாலும் வழக்கம். 2004ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், குழாயை எடுத்தபின் தாமாகவே நீர் விட்டவர்கள், ஆல்ஃபுசோசின் சாப்பிட்டவர்களில் 100க்கு 62 பேர். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 48 பேர். அடைத்திருந்த நீர் 1 லிட்டருக்கு மேற்பட்டிருந்தால் பலன் குறைவு. நெடுநாள் தேக்கத்தால் சிறுநீரகமே கெட்டிருந்தால், ஆப்பரேஷன் வரையில் குழாய் இருப்பதே நல்லது.

ஆகவே நாளைக் குறிக்க வேண்டியது நோயாளியின் உடம்பே தவிர ஜோசியனல்ல. தோழர்களே! "ஐயா, இந்தக் குழாய் இன்னும் எதற்காக? என்றைக்கு எடுப்பீர்கள்?" என்று டாக்டரையே கேளுங்கள். எடுத்த அன்று, தானாக நீர் போகிறதா, போனபின் பையில் எவ்வளவு மீதி நிற்கிறது என்று பார்த்த பிறகே வீடு திரும்புங்கள். மறுபடி அடைத்தால் மறுபடி குழாய் உண்டு, அதற்கு மேல் ஆப்பரேஷனும் உண்டு. கேட்க வெட்கப்பட்டு மூலையில் கிடப்பதுதான் கேடு.