விரலுக்குத் தக்க வீக்கம்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பல இல்லங்களிலே ஒரு வழக்குத் தொடங்கிவிடுகின்றது. "கணினி பழசாய்ப் போயிற்று; விளையாட்டுக்கள் தடக்கித் தடக்கி ஓடுகின்றன; நல்ல கிராபிக்ஸ் அட்டையொன்று வாங்கித் தாருங்கள், அப்பா" என்கிறான் மகன். "பழசுக்கு மேலும் காசு கொட்டுவதோ?" என்கிறார் தந்தையார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், எந்த அட்டையை வாங்கலாம் என்று ஆராய முன்னர், எந்த அட்டையை இக்கணினி தாங்கும் என்று ஆராய்வோர் அரியர். விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும்.

கிராபிக்ஸ் அட்டையின் தொழில் யாது? இன்று பெருவழக்கிலுள்ள திரையில் அகலவாட்டில் 1920 புள்ளிகளும் உயரவாட்டில் 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20 இலட்சத்துக்கு மேல். அத்தனை புள்ளிகளுக்கும் உரிய நிறத்தை, வினாடிக்கு 60 தடவை கணக்கிட்டுச் சித்திரமாக்கினாலன்றி விளையாட்டு வழுக்கலின்றி ஓடாது. அலுவலகத்துக்கென ஆக்கிய கணினிகளில் இவ்வேலையையும் புரொசெசரே சேர்த்துச் செய்கின்றது. கடிதம் எழுத அது போதும், விளையாட்டுக்குப் போதாது. ஆதலின் மகன் தனி அட்டை கேட்பது வீண் பிடிவாதமன்று.

இனி, தாங்கும் சக்தியைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010 என்னும் கணினியை உதாரணமாகக் கொள்வோம். அலுவலகங்கள் கழித்துவிட்ட இத்தகைய கணினிகள் மலிவு விலையில் மாணவர் மேசைகளை வந்தடைந்துள்ளன. அதன் கோபுர வடிவப் பெட்டியிலுள்ள பவர் சப்ளை 275 வாற்று மாத்திரமே வழங்க வல்லது. அட்டைக்கெனத் தனி மின்கம்பியும் அதில் இல்லை. அட்டை செருகும் துவாரத்தின் வழியாகப் பெறக்கூடியது 75 வாற்று வரைதான். 2021இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3060 அட்டையோ 170 வாற்று வேண்டி நிற்பது. அதனை இங்கே பொருத்த நினைப்பது, சைக்கிள் கரியரில் நெல்மூட்டை பத்து ஏற்றுவதை ஒக்கும். 2024இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3050இன் 6 ஜீ.பி. வகைக்கு 70 வாற்று போதும். தனி மின்கம்பி வேண்டாத இத்தகைய அட்டைகளே பழைய கணினிக்கு இசைந்தவை. ஒடுங்கிய பெட்டியாயின் அரையுயர அட்டையே நுழையும். அளவுகோலை எடுத்து அளந்துவிட்டே கடைக்குப் போதல் நன்று.

பவர் சப்ளையை மாற்றலாமே எனின், மாற்றலாம். ஆனால் சில கம்பனிப் பெட்டிகளில் இணைப்பு முனைகள் வேறுபட்டவை. அன்றியும், மேலே பெரிய எண்ணை ஒட்டிய மலிவுச் சரக்கை நம்பலாகாது. அது பழுதாகும்போது தான் மாத்திரம் போகாமல், அக்காவின் பரீட்சைக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் உடன் கொண்டுபோகவுங்கூடும். அவற்றுக்கு முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

புதியதெல்லாம் பழையதற்கு நன்று என்றும் கொள்ளற்க. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. அட்டை மதர்போர்ட்டுடன் நான்கு பாதைகளாலேயே பேசுகின்றது. புதிய மதர்போர்ட்டில் அது போதும். பழையதில் அப்பாதைகளின் வேகம் பாதியாவதால் அட்டையின் நினைவகம் நிரம்பியதும் விளையாட்டு இழுபடும். புரொசெசரும் ஈடுகொடுக்க வேண்டும். திரை நுணுக்கத்தைக் குறைத்தும் ஓட்டம் விரையவில்லையாயின், குறை பெரும்பாலும் புரொசெசரிலே. அட்டைக்குச் செலவிட்ட பணம் ஆற்றிலே கரைத்த புளிதான்.

பாவித்த அட்டை வாங்குவோர் இரட்டிப்பு விழிப்புடன் இருத்தல் வேண்டும். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றியபோது, அதற்காக இரவுபகலாய் உழைத்த அட்டைகள் பல சந்தைக்கு வந்தன. அவையெல்லாம் கெட்டவையல்ல, காற்றாடியின் ஓசையைக் கேட்டு, அரைமணி நேரம் விளையாட்டை ஓட்டிப் பார்த்தே வாங்குக. பழைய அட்டைக்குப் புதிய பெயர் சூட்டி விற்போரும் உளர். ஜீ.பி.யு.-இசெட் என்னும் இலவச மென்பொருள் அத்தகைய வேடங்கள் பலவற்றைக் காட்டிக் கொடுக்கும். 2016இன் ஜீ.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. மலிவாய்க் கிடைப்பினும், புதிய விளையாட்டுக்களுக்கான டிரைவர் அதற்கு 2025ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

பொருத்தும்போது சுவரிலிருந்து மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு, உடலின் நிலைமின்னைப் போக்கிய பின்னரே அட்டையைத் தொடுக. மொனிட்டரின் கம்பியைப் பழைய இடத்தில் விடாது புதிய அட்டையிலே செருகுக. இதனை மறந்து, அட்டை பழுதென்று கடைக்கு ஓடுவோர் பலர்.

இறுதியாக, பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவுற்றது. மேலே கூறிய வயதுடைய புரொசெசர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே அட்டையின் விலையும் பவர் சப்ளையின் விலையும் சேர்ந்து, இன்னுஞ் சற்றுப் புதிய கணினியொன்றின் விலையை நெருங்குமாயின், அப்பணத்தைச் சேமித்து வையுங்கள். நெருங்காவிடின், 75 வாற்றுக்குள் அடங்கும் அட்டையொன்றை மனமுவந்து வாங்கிக் கொடுங்கள். பெட்டியைத் திறந்து, வாற்றை வாசித்து, இடத்தை அளந்து, விலையைக் கூட்டிப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். கணக்குப் போட்டுக் கேட்கப் பழகிய பிள்ளைக்கு, "இல்லை" என்ற விடையின் காரணமும் விளங்கும்.