நூலகமும் பூங்காவும் நிலத்தடி நீரும்

ஒரு நகரின் பெருமையை அதன் கட்டடங்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. யாழ்ப்பாண நகருக்கு அத்தகைய அளவுகோலாய் நிற்பது நமது பொது நூலகம். 1933 ஆம் ஆண்டிலே கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் தொடக்கிய சிறு முயற்சியே அதன் வித்து. 1954 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, சென்னைச் சிற்பக் கலைஞர் நரசிம்மன் வகுத்த அமைப்பிலே திராவிடக் கட்டடக் கலையின் சாயலோடு எழுந்த மாளிகை 1959 இல் திறந்து வைக்கப்பெற்றது. 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில், ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அதனோடு எரிந்து சாம்பராயின. பின்னர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் புதுக்கப்பெற்று, இன்று வெண்ணிறத்தோடு நிமிர்ந்து நிற்கின்றது. அதன் அயலிலே சுப்பிரமணியம் பூங்காவும், சற்று அப்பால் புல்லுக்குளமும் உள்ளன.

இம்மூன்றையும் நாம் தனித்தனியே எண்ணிப் பழகிவிட்டோம். நூலகம் அறிவுக்கு, பூங்கா பொழுதுபோக்குக்கு, குளம் எவருக்கும் இல்லை என்பது போன்றதொரு மனப்பான்மை நம்மிடையே நிலவுகின்றது. இம்மூன்றும் ஒரே நிலத்தின் மேல் அமைந்த ஒரே நீர்த்தொகுதி என்பதே நமது கருத்து. புதுக்கப்பெற்ற சுவர்களைக் காப்பதோடு நமது கடமை முடிந்துவிடாது. அச்சுவர்களின் கீழே கிடக்கும் நிலத்தையும் நீரையும் காத்தாலன்றி அம்மாளிகையை நெடுங்காலம் காத்தவராக மாட்டோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. நமக்குள்ள நீரெல்லாம் வானம் பொழிந்து, சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, நிலத்தின் கீழே தங்கிய நீரே. அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லை போல மிதந்து கொண்டிருக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை ஆய்ந்தோர் கண்டுள்ளனர். கடல்மட்டத்தின் மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்தின் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருத்தல் கூடும் என்பது நிலத்தடி நீரியலார் கொள்ளும் பொதுக் கணக்கு. ஆகலின் மேலே ஓரடி நீர் குறையுமிடத்துக் கீழேயிருந்து உவர் ஏறிவரும் அளவு மிகப் பெரிது. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. இயந்திரம் வந்த பின் அவ்வெல்லை நீங்கிற்று. உரமும் மலக்குழிக் கழிவும் நீரில் கலந்து நைத்திரேற்று மிகுந்தமை வேறொரு துன்பம்.

இனி மழைக் கணக்கைப் பார்ப்போம். குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் வந்துவிடும். ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை விழின் அது ஓர் இலீற்றர் ஆகும். ஆகவே 1,000 சதுர மீற்றர் கொண்ட கூரை ஒன்றின் மேல் ஓராண்டில் விழும் நீர் 12 இலட்சம் இலீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகியது என விடினும் எஞ்சுவது ஒன்பதரை இலட்சம் இலீற்றருக்கு மேல். நாளொன்றுக்கு ஆளுக்கு 100 இலீற்றர் என்று கொண்டால், இருபத்தாறு பேருக்கு ஆண்டு முழுவதும் போதிய நீர் அது. அந்நீரைப் பீலி வழியே கானுக்கும், கானின் வழியே கடனீரேரிக்கும் ஓடவிட்டுப் பின்னர் பங்குனி வெயிலிலே தண்ணீர் வண்டிக்குக் காத்து நிற்பது அறிவுடைமை ஆகாது.

ஆதலின் நூலக வளாகத்திலே முதற்கண் வேண்டப்படுவது, கூரை நீரில் ஒரு துளியும் வளாகத்தை விட்டு வெளியேறாத ஏற்பாடு. முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வருமாதலால் அதனை விலக்கி, அடுத்து வரும் நீரை மணலும் கரியும் பெய்த வடிகட்டியூடே தாங்கிக்கு விடல் வேண்டும். தாங்கி நிறைந்த பின் மிகுவது நிலத்துள் இறங்கட்டும். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சுண்ணக்கல் வெடிப்புக்கள் நீரை வடிகட்டித் தருவனவல்ல. மேலே ஊற்றிய அழுக்கு அப்படியே கீழே சென்று சேரும். எனவே எண்ணெய் படிந்த வீதி நீரையும் கான் நீரையும் எக்காரணம் பற்றியும் கிணற்றிலோ குழியிலோ விடுதல் ஆகாது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி நாம் மறக்கத் தக்கதன்று.

இரண்டாவது, பூங்கா. அழகுபடுத்துதல் என்றவுடன் சீமெந்துக் கல் பரப்புதலும், அயல்நாட்டுப் புல் வளர்த்தலும், வண்ண விளக்குத் தூக்குதலும் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. கல் பரப்பிய நிலம் மழையை உள்ளே விடாது. பகலில் கொண்ட வெப்பத்தை இரவிலும் உமிழும். அயற்புல்லோ கோடையில் நாடோறும் நீர் கேட்கும். வேம்பு, இலுப்பை, பூவரசு, நாவல், கொன்றை ஆகிய மரங்கள் நம் மண்ணின் வறட்சிக்குப் பழகியவை. நட்ட முதலிரு கோடைகளில் நீர் ஊற்றிக் காப்பாற்றினால், அதன் பின் தம்மைத் தாமே காத்துக்கொள்வன. அவற்றின் நிழலிற் குழந்தைகள் விளையாடுவர். அவற்றின் வேர் வழியே நீர் நிலத்துள் இறங்கும்.

மரங்கள் உதிர்க்கும் சருகைக் கூட்டி எரித்தல் நம்மிடையே காலந்தோறும் வந்த வழக்கமாயினும் அது கைவிடத் தக்கது. குழை தாழ்த்தித் தோட்டத்தை வளம்படுத்திய நம் கமக்காரருக்கு இலையின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பூங்காவின் ஒரு மூலையிலே கூட்டெருக் கிடங்கு அமைத்தால் பூங்காவுக்கு வேண்டிய பசளை பூங்காவிலேயே விளையும். 1 செத்தெம்பர் 2017 முதல் பொலித்தீன் உணவுத் தாள் முதலியன சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளன. சட்டம் இருந்தும் பொது இடங்களிலே பிளாத்திக்குப் போத்தல் குவிதல் நிற்கவில்லை. நூலகத்தின் தாங்கி நீரை நன்கு வடித்துச் சுத்திகரித்து, வருவோர் குடிக்கக் குழாய் ஒன்று வைத்தாலே அக்குவியலிற் பெரும்பகுதி குறைந்துவிடும்.

மூன்றாவது, மின்சாரம். ஏட்டுச் சுவடிகளும் அரிய பழம்பதிப்புக்களும் ஈரத்தால் கெடுவன. அவற்றை வைக்கும் அறைக்குக் குளிரூட்டி வேண்டுவதே. ஏனைய மண்டபங்களுக்கு உயர்ந்த கூரையும், எதிரெதிர்ச் சாளரங்களும், வெளியே மர நிழலும் இருப்பின் மின்விசிறியே போதுமானது. சாளரத்தை அடைத்துவிட்டுக் குளிரூட்டியை இயக்குதல் கட்டியோரின் கருத்துக்கும் மாறு. சூரிய மின்தகடு வைக்க வேண்டுமாயின் முகப்பின் தோற்றம் கெடாதவாறு பின்புறக் கூரையிலோ, வண்டிகள் நிறுத்தும் கொட்டிலின் மேலோ வைக்கலாம். குவிமாடத்தைத் தகடுகளால் மறைத்துச் சேமிக்கும் மின்சாரம் நமக்கு வேண்டா.

இவ்விடத்தில் இரண்டு தடைகள் எழுப்பப்படுதல் கூடும். ஒரு கட்டடத்தின் கூரை நீரால் ஒரு குடாநாட்டின் நிலத்தடி நீர் உயருமோ என்பது ஒன்று. உயராது, ஒப்புக்கொள்கின்றோம். ஆயின் நூலகம் என்பது ஊர் முழுவதும் வந்து கற்குமிடம். அங்கே இளைஞர் நாடோறும் காணும் ஏற்பாடு நாளை ஆயிரம் கூரைகளுக்குப் பரவும். கோயில் மண்டபங்களும் பள்ளிக் கட்டடங்களும் சேர்ந்து கொள்ளும் மழை சிறிதன்று. இது மாநகர சபையின் வேலை, நமக்கென்ன என்பது மற்றொன்று. நூலகம் தொடங்கியபோது அதனைச் சபையின் வேலை என்று எண்ணி ஒருவர் இருந்திருப்பாராயின், 1933 இல் எதுவும் தொடங்கியிராது.

மழைநீர் சேமிப்புக்கான தேசியக் கொள்கை இலங்கையில் 2005 ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. புதுக் கட்டடங்களில் அதனை வற்புறுத்தச் சட்டத் திருத்தமும் 2007 இல் வந்தது. மறுபுறம் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அது வேண்டாவென்று நாம் கூறவில்லை. நீரின்றி வருந்தும் ஊர்களுக்கு அது பேருதவி. எனினும் வானம் இலவசமாய்த் தந்த நன்னீரைக் கடலுக்கு அனுப்பி, அதே கடலிலிருந்து பெரும்பொருளும் மின்சாரமும் செலவிட்டு உப்பை நீக்கிப் பெறுவோமாயின், நமது கணக்கில் எங்கோ பிழையுண்டு அன்றோ?

பழைய மாணவர் சங்கத்தாருக்கு நமது விண்ணப்பம் இதுவே. விழாக்காலங்களில் வளைவும் நினைவுக் கல்லும் எழுப்புதல் நமக்குப் பழகிய வழி. இம்முறை அப்பொருளில் ஒரு பங்கை, மாநகர சபையாரின் இசைவோடு, நூலக வளாகத்தில் ஒரு தாங்கிக்கும் வடிகட்டிக்கும், பூங்காவில் நாற்பது மரக்கன்றுகளுக்கும் ஒதுக்குக. கல்லூரியின் விஞ்ஞான மாணவர் மாதந்தோறும் அயற்கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவரளவையும் அளந்து குறித்து, அக்குறிப்பை நூலகத்திலேயே யாவரும் பார்க்க வைத்தல் வேண்டும். கன்று நடுதல் ஒரு நாள் விழா. இரு கோடை நீர் ஊற்றுதலே உண்மையான தொண்டு. அதற்கு முறை வகுத்துப் பெயர் எழுதிக் கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் பீலிகளைத் துப்புரவு செய்து முடித்தல் முதற் பணியாகட்டும்.