பேரனின் வண்டியும் நான் இடம் மாற்றி நடத்திய பாடமும்



போன வாரம் பேரனுடைய ரிமோட் வண்டியின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். "ரிட்டயர்டு ஆனதும் சின்னப் பிள்ளையா ஆயிட்டீங்களா சார்?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். ஆமாம், ஆகிவிட்டேன். இரண்டு பேர் மட்டும், "முன் ஆக்சில் மேல பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கே, அது என்ன?" என்று கேட்டிருந்தார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. அந்தப் பெட்டி விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

முதலில் வண்டியைப் பற்றி. கடைத்தெருவில் விற்கும் ரிமோட் கார் இல்லை இது. 'கிராலர்' என்பார்கள். நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு. எடை இரண்டரை கிலோ சொச்சம். வேகமாக ஓடாது, நாம் நடக்கிற வேகம்தான். அதன் வேலையே பாறை மேல் ஊர்ந்து ஏறுவது. சிறுமலை அடிவாரத்தில் நல்ல பாறைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரனும் நானும் அங்கே போய்விடுவோம்.

இதில் முன் சக்கரங்களைத் திருப்புவது 'செர்வோ' என்கிற சின்ன மோட்டார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது: சுமார் 40 மில்லிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டர் அகலம், 60 கிராம் எடை. உள்ளே பல்சக்கரங்கள். அதன் தலையில் ஒரு சின்னக் கை. அந்தக் கை ஒரு கம்பியைத் தள்ளும், இழுக்கும், சக்கரம் திரும்பும். படத்தில் நீங்கள் பார்த்த பெட்டி அதுதான்.

இதை எங்கே பொருத்துவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி சேஸில் வை என்கிறது. இன்னொரு கட்சி ஆக்சிலிலேயே வை என்கிறது.

பேரன் வண்டியில் அது ஆக்சில் மேல்தான் இருந்தது, ஒரு பிளாஸ்டிக் மவுண்டில். பாறை இடுக்கில் சக்கரம் மாட்டினால் வண்டி திரும்பாது. அவன் பொங்கல் பணத்தைச் சேர்த்து வைத்திருந்தான். "தாத்தா, அலுமினிய மவுண்ட் வாங்கிப் போட்டா சரியாயிடும்" என்றான். பதினைந்து வயதுப் பையன்.

நான் என்ன செய்தேன்? முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்திய வாய் சும்மா இருக்குமா? "ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடக்கூடாதுடா. ஆக்சில்ல எடையை ஏத்தினா மேடு பள்ளத்துல சக்கரம் தரையோட ஒட்டாது. நிஜ வண்டி எதிலயாவது ஸ்டியரிங் பெட்டியை ஆக்சில் மேல பார்த்திருக்கியா? சேஸ்லதான் இருக்கும்" என்று ஒரு பீரியட் முழுக்க எடுத்தேன். அவன் இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தான். நான் விடவில்லை. கடைசியில் அவன் பணத்தில், நான் சொன்னபடி, சேஸில் வைக்கிற மவுண்டும் நீளக் கம்பியும் வாங்கி மாட்டினோம்.

கூடத்துத் தரையில் அருமையாக ஓடியது. பாறைக்குப் போனதும் வண்டிக்குப் பேய் பிடித்தது. முன் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் சக்கரம் தானாக ஒரு பக்கம் திரும்பியது. அவன் நேராகப் போகச் சொன்னால் அது சரிவைப் பார்த்துப் போனது. மூன்று முறை உருண்டது. இரண்டு ஞாயிறு பார்த்தான். மூன்றாவது ஞாயிறு, "படிக்கிறது இருக்கு தாத்தா" என்றான். வண்டி அலமாரிக்கு மேலே போய்விட்டது. இரண்டு மாதம் அங்கேயே இருந்தது. அவன் என்னைக் குறை சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அலமாரி மேல் வண்டியைப் பார்த்து விசாரித்தான். நான் என் பாடத்தைத் திரும்ப ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இந்த வண்டி எவ்வளவு வேகத்துல போகும்?" என்றான்.

"நடக்கிற வேகம்தான்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

ஸ்பிரிங்குக்குக் கீழே எடை குறைவாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது வேகமாக ஓடும் வண்டிக்கு. ஒரு மேட்டில் ஏறிய சக்கரம் சட்டென்று திரும்பத் தரைக்கு வர வேண்டும் என்றால் அது லேசாக இருக்க வேண்டும். நடக்கிற வேகத்தில் ஊர்கிற வண்டிக்கு அந்தக் கணக்கே வராது. இங்கே வேண்டியது வேறு: எடை தாழ்வாகவும் முன்னாலும் இருக்க வேண்டும். ஏறும்போது முன் சக்கரம் அமுங்கிப் பிடிக்கும், வண்டி கவிழாது. அந்த 60 கிராமை நான் தாழ்ந்த இடத்திலிருந்து எடுத்து மேலே வைத்திருக்கிறேன்!

நிஜ ஜீப்பில் ஸ்டியரிங் பெட்டி ஏன் சேஸில் இருக்கிறது? ஓட்டுபவர் சேஸின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையிலிருந்து ஒரு இரும்புத் தண்டு இறங்கி வருகிறது. அந்தத் தண்டு வந்து சேரும் இடத்தில்தான் பெட்டியை வைக்க முடியும். பேரன் வண்டியில் தண்டு ஏது? வருவது மூன்று இழை ஒயர். எங்கே வேண்டுமானாலும் வளைந்து போகும்.

சக்கரம் தானாகத் திரும்பியதற்குக் காரணத்தைக் கவராயம் வைத்துப் பார்த்தால் புரியும். சேஸில் செர்வோ இருந்தால், கம்பியின் ஒரு முனை சேஸில், மறு முனை சக்கரத்துப் பக்கம். ஆக்சில் மேலும் கீழும் போகும்போது கம்பி ஒரு வில் வரையும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க 'பான்ஹார்ட்' என்று இன்னொரு கம்பி உண்டு. அதுவும் ஒரு வில் வரையும். இரண்டும் ஒரே நீளம், ஒரே சாய்வு என்றால் இரண்டு வில்லும் ஒத்துப்போகும். இல்லையென்றால் வித்தியாசம் முழுவதும் சக்கரத்தைத் திருப்பும். நாங்கள் மாட்டியதில் இரண்டு கம்பிக்கும் நீளமும் ஒன்றில்லை, சாய்வும் ஒன்றில்லை. ஆக்சிலிலேயே செர்வோ இருந்தால் செர்வோ, கம்பி, சக்கரம் மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்கும். இடைவெளி மாறவே மாறாது. தானாகத் திரும்ப வழியே இல்லை.

ஆகவே என் கருத்து இது: பாறை ஏறத்தான் வண்டி என்றால் ஆக்சில் மேல்தான் செர்வோ. பார்க்க நிஜ வண்டி மாதிரி இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4, ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 இரண்டாம் பதிப்பு போன்ற வண்டிகள் கம்பெனியிலிருந்தே சேஸ் மவுண்டோடு, அளவான பான்ஹார்ட் கம்பியோடு வருகின்றன. அவை நன்றாகவே ஓடும். ஓடுகிறதைப் பிரிக்காதீர்கள். அப்படியே ஆக்சிலுக்கு மாற்றினாலும் பான்ஹார்டை உடனே கழற்றி எறியாதீர்கள். ஆக்சிலின் மேல் கம்பிகள் முக்கோணமாகச் சாய்ந்து அதைப் பிடித்திருந்தால்தான் பான்ஹார்ட் இல்லாமல் சமாளிக்கும்.

மவுண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை.

ஒன்று, பழியை யார் மேல் போடுவது என்று முதலில் பாருங்கள். முன் சக்கரத்தைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு ரிமோட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். சக்கரத்தைப் பார்க்காதீர்கள், செர்வோவைப் பாருங்கள். அதன் உடம்பே சாய்ந்தால் குற்றம் மவுண்டின் மேல். அதன் பலம் பிளாஸ்டிக்கை வளைப்பதில் போகிறது. பெரிய செர்வோ வாங்கினால் இன்னும் அதிகமாக வளையும், அவ்வளவுதான். பேரன் கேட்ட அலுமினிய மவுண்ட் இதற்குத்தான்.

இரண்டு, ஆக்சிலுக்கு ஆக்சில் திருகுத் துளையின் இடம் மாறும். ஒரே கம்பெனியின் பழைய ஆக்சிலும் புது ஆக்சிலும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. அளந்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று, மாட்டியபின் வண்டியை மேலிருந்து முழுவதும் அமுக்குங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். செர்வோ சேஸிலோ பம்பரிலோ இடித்தால், செர்வோவைப் படுக்க வைக்கிற மவுண்டாகப் பாருங்கள்.

நான்கு, கம்பி ஆக்சிலுக்கு இணையாக இருக்கட்டும். சக்கரம் நேராக இருக்கும்போது செர்வோவின் கை கம்பிக்குச் செங்குத்தாக இருக்கட்டும். இல்லையென்றால் இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் ஒரு மாதிரியும் திரும்பும்.

ஐந்து, கையின் நீளம். வகுப்பில் திருப்புத்திறன் படித்தோமே? '20 கிலோ' என்று விற்கும் செர்வோ, ஒரு சென்டிமீட்டர் கையின் முனையில்தான் 20 கிலோ தள்ளும். இரண்டு சென்டிமீட்டர் கை போட்டால் 10 கிலோதான். சக்கரம் முழுவதும் திரும்பத் தேவையான நீளம் போதும்.

ஆறு, ஒயருக்குக் கொஞ்சம் தளர்ச்சி விடுங்கள். ஆக்சில் தொங்கும்போது அது இழுபடக்கூடாது. டயரிலோ சுழலும் தண்டிலோ சிக்கவும் கூடாது. ஓடையில் இறக்கினால் முதலில் நனைவது ஆக்சில் மேல் இருக்கும் செர்வோதான். தண்ணீர் புகாததாக வாங்குங்கள்.

ஏழு, அலுமினியத்தில் இறங்கும் திருகுக்கு ஒரு சொட்டு திரெட் லாக் வையுங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுக்கு வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வெடித்துப்போகும்.

அலுமினிய மவுண்டை இந்த முறை என் பென்ஷன் பணத்தில் வாங்கினேன். பேரனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீ சொன்னதுதான் சரி. நான்தான் உன்னைப் பேச விடலை" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு, "அன்னைக்கு நான் என்ன சொல்ல வந்தேன் தெரியுமா தாத்தா? வண்டி மெதுவாத்தானே போகுதுன்னு" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டறைக்காரன் கேட்டதும், இவன் சொல்ல வந்ததும் ஒன்றேதான். முப்பது வருஷ வகுப்பில் இப்படி எத்தனை பேர் வாயைத் திறந்து மூடிக்கொண்டீர்களோ! உங்களில் யாருக்காவது அப்படி ஒரு கேள்வி இன்னும் பாக்கி இருந்தால் கீழே எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது.

உங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். சூத்திரத்தைச் சொல்வதற்கு முன், வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது. போன ஞாயிறு, இதற்கு முன் ஏறாத ஒரு பாறையில் ஏறியது. நான் ஒயரைச் சரியாகக் கட்டாததால் ஒரு முறை டயரில் உரசியது. அதையும் அவன்தான் கண்டுபிடித்தான்.