ஏச்சுக்கு அஞ்சி மறைக்கப்படும் புண்

சர்க்கரை நோயாளி ஒருவர் என் முன் வந்து அமர்ந்ததும் முதலில் பேசுபவர் பெரும்பாலும் அவர் அல்லர். உடன் வந்த மனைவியோ மகனோதான். "நீங்களாவது சொல்லுங்கள் டாக்டர், எங்கள் பேச்சைக் கேட்பதே இல்லை" என்று முறையீடு தொடங்கும். நோயாளி தலைகுனிந்து அமர்ந்திருப்பார். அந்த முறையீட்டில் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி உடன் வந்திருப்பதே அன்புதான். ஆயினும் அது ஏச்சாக வெளிப்படும்போது நோயாளிக்குத் தீங்காக முடிகிறது என்பது என் கருத்து.

பாதத்தையே எடுத்துக்கொள்வோம். நெடுநாள் சர்க்கரை நோயில் கால் நரம்புகள் உணர்ச்சியை இழக்கின்றன. முள் தைத்தாலும், செருப்புக் கடித்தாலும் வலி தெரிவதில்லை. ஒருநாள் தற்செயலாகக் குனிந்து பார்க்கும்போதுதான் விரலிடுக்கில் புண் கண்ணில் படுகிறது. அந்த நேரத்தில் அவர் மனத்தில் எழும் கேள்வி, இதை வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பதே. "வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேனே" என்ற ஏச்சுதான் வரும் என்று தெரிந்தால், துணியைச் சுற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். விசைத்தறியில் நாள் முழுதும் நின்று உழைப்பவர் அப்படிச் சில நாட்கள் மறைத்தால், மருந்தில் ஆறியிருக்க வேண்டிய புண்ணுக்கு விரலையே எடுக்க நேரலாம்.

உணவிலும் இதுவே. நம் ஊரில் ஒருவரிடம் பிரியாணியை மறக்கச் சொல்வது எளிதன்று. அது வேறு கதை. ஆடித்தபசுக்கு உறவினர் கூடியிருக்கும் பந்தியில், "அப்பாவுக்கு இனிப்பு வைக்காதீர்கள்" என்று மகன் உரக்கச் சொல்கிறார். அப்பா அன்று இலையில் இனிப்பைத் தொடமாட்டார். மறுநாள் கடையில் தனியே நின்று தின்பார். பரிசோதனைக்கு முந்தைய 2 நாட்கள் மட்டும் பட்டினி கிடப்போரும் உண்டு. எச்பிஏ1சி பரிசோதனை ஏறத்தாழ 3 மாதச் சராசரியைக் காட்டிவிடும் என்பதால் அது பலிப்பதில்லை. அவர்கள் மருத்துவரை ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். வீட்டில் பேச்சு வாங்காமல் இருக்க நினைப்பவர்கள்.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ஆம் ஆண்டு தொடங்கிய 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பில், மனம் உடைந்து அழைப்பவர்களிடம் பேசுவோர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். குற்றம் காணாமல் காது கொடுத்துக் கேட்பதே அவர்களின் முதற்பணி; அறிவுரை கூறுவது அன்று. உயிர் ஊசலாடும் வேளையிலேயே அது உதவுகிறது எனில், காலில் ஒரு புண்ணோடு திண்ணையில் அமர்ந்திருப்பவரிடம் நாம் ஏன் அதைச் செய்யக் கூடாது? "காலை நீட்டுங்கள் அப்பா, பார்க்கிறேன்" என்று இரவு உணவுக்குப் பின் சொல்லும் மகள், அறிவுரை ஏதும் கூறாமலே ஒரு விரலைக் காப்பாற்றிவிடலாம்.

இதைக் குடும்பத்தாருக்கு மட்டும் சொல்வது நியாயமன்று. எங்கள் தலைமுறை மருத்துவர்களுக்கு, நோயாளியிடம் பேசும் முறை தனிப் பாடமாக இருந்ததில்லை. 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில்தான் மனப்பாங்கு, அறநெறி, பேசும் திறன் ஆகியவற்றுக்கெனத் தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. எங்களிடமிருந்து கடுஞ்சொல் வந்தால் அதைச் சுட்டிக்காட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. நோயாளிகளுக்கும் ஒன்று: ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுத்துக் கொடுத்து, உப்பும் இனிப்பும் அளந்து சமைக்கும் கைகளும் களைத்துப்போகின்றன. அவர்கள் ஏசும் நாளில், "இன்று உனக்கு என்ன கஷ்டம்?" என்று நீங்களும் கேட்கலாம்.

அடுத்த முறை வரும்போது முதல் 2 நிமிடங்கள் நோயாளியையே பேச விடுங்கள். உடன் வந்தவர் சொல்ல விரும்புவதை அதன் பிறகு கேட்கிறேன். காலையும் அப்போதே பார்த்துவிடுவோம்.