கறுப்பு வண்ணமும் கருங்கல்லும்

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கவரத்து மலையடிவாரத்தில் சென்ற மாதம் ஒரு காட்சி. புதிதாக வாங்கிய கறுப்புக் கார் ஒன்றைப் பூசை போடக் கொண்டுவந்திருந்தார்கள். வழியில் படிந்த புழுதியைத் தோள்துண்டால் துடைக்கப் போனார் ஒரு பெரியவர். காருக்குரிய இளைஞன் பதறி ஓடிவந்தான். "மாமா, தண்ணி ஊத்தாம துணிய வெக்காதீங்க, கோடு விழுந்துடும்."

உடன் வந்த இலக்கிய நண்பர் சிரித்தார். தகரத்தின் மீது இத்தனை பக்தியா என்றார். நடுத்தர வர்க்கத்தின் நுகர்வு மோகத்தை எள்ளி நகையாடுவது நமக்கு எளிது. ஆனால் அன்று அந்த மலையடியில் மேற்பரப்பு என்றால் என்னவென்று அறிந்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

காரின் வண்ணத்துக்கு மேலே ஒளிபுகும் பூச்சு ஒன்று உண்டு. அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான், தலைமயிரைவிட மெல்லியது. செஞ்சிப் புழுதியோ இந்தக் கருங்கல் குன்றுகள் பொடிந்து உதிர்ந்தது. அதிலுள்ள குவார்ட்ஸ் துகள் உலர்ந்த துணியை உப்புத்தாளாக்கிவிடும். வெள்ளைக் காரிலும் கீறல் விழும், கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு ஒளியை விழுங்குவதால், கீறலில் சிதறும் ஒளி மட்டும் சிலந்திவலை போலத் துலங்கும். ஆகவே நிழலில் நிறுத்தி, முதலில் நீரால் புழுதியை இறக்க வேண்டும். நுரைக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. பாத்திரம் துலக்கும் சோப்பு ஆகாது. மேலிருந்து கீழாகக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பாலிஷ் கடைசி வழி. அது கீறலைச் சுற்றியுள்ள பூச்சைச் சீவித்தான் சமன் செய்கிறது. ஒவ்வொரு பளபளப்புக்கும் ஓர் இழப்பு உண்டு.

இனி மலைமேல் ஏறுவோம். பாறையைக் குடைந்து, அந்தப் பாறையிலேயே பள்ளிகொண்ட அரங்கநாதரைச் செதுக்கிய பல்லவர் காலக் குடைவரை அங்கே இருக்கிறது. அருகில் திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தியின் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு. அந்த எழுத்துகளின் ஆழம் எவ்வளவு? சில மில்லிமீட்டர். அதற்கு மாற்றுப் பூச்சு விற்கும் கடை எங்கும் இல்லை.

தமிழகக் கோயில்கள் பலவற்றில் திருப்பணி என்ற பெயரில் நடந்தது என்ன? அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சிக் கல்லை 'வெளுத்தார்கள்'. தடை வந்த பிறகு கம்பித் தூரிகையும் அமிலமும் எனாமல் பெயிண்டும் மிஞ்சின. கருங்கல்லுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார்கள். கருங்கல்லின் மிகக் கடினமான பகுதியே குவார்ட்ஸ்தான். பீய்ச்சப்படும் மணலும் அதுவேதான். வைரத்தை வைரத்தால் அறுக்கிறோம். உளியின் கடைசித் தடம் முதலில் போகிறது, பிறகு எழுத்தின் விளிம்பு.

கோயில் உயிருள்ள வழிபாட்டிடம், அருங்காட்சியகம் அல்ல என்பது அடுத்த வாதம். ஒப்புக்கொள்கிறேன். காரும் தினமும் சாலையில் ஓடுவதுதான். அதனால்தான் அதைத் துடைக்க முறை வேண்டியிருக்கிறது. புழங்கும் பொருளுக்கே பராமரிப்பு அதிகம் தேவை.

2015இல் நாளிதழ் ஒன்றில் வந்த வாசகர் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2021 ஜூனில் கோயில்கள், தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புக்காக 75 கட்டளைகள் பிறப்பித்தது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியப் போர் அரண்களின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்ச்சி. ஆனால் எனக்கு அச்சமும் உண்டு. புகழ் வந்தால் பணம் வரும். பணம் வந்தால் சுற்றுவட்டாரக் குன்றுகளுக்கெல்லாம் கம்ப்ரசரும் பெயிண்ட் டப்பாவும் வரும்.

நான் கேட்பது அதிகமில்லை. கல்லைத் தொடுமுன் படமெடுங்கள், எழுத்துகளைப் படியெடுங்கள். முறையாகப் பயின்ற ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை கையை வைக்காதீர்கள். மென்மையான வழி தோற்ற பிறகே அடுத்த வழி.

அன்று காரைக் காத்த குடும்பமும் மலையேறியது. விரலில் மிஞ்சிய குங்குமத்தைப் பாறைச் சுவரில் தேய்த்துவிட்டு இறங்கியது. அங்கே "மாமா, வெக்காதீங்க" என்று பதற ஒருவரும் இல்லை. நானும் பேசாமல்தான் நின்றேன்.